பாராகிளைடரில் சீக்கிரம் இறங்குவது, விங் மடங்கினால் சமாளிப்பது: ஏலகிரிக் கணக்கில் ஒரு பதில்

வாணியம்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மகாராஷ்டிரத்தின் காம்ஷெட்டில் அடிப்படைப் பயிற்சி முடித்தவர். 20 சொச்சம் முறை தனியாகப் பறந்திருக்கிறார். செகண்ட் ஹேண்டில் ஒரு இ.என்.-பி விங் (ஐரோப்பியச் சோதனைத் தரத்தில் ஏ-க்கு அடுத்த படியில் உள்ள துணி இறக்கை) வாங்கி வைத்திருக்கிறார். "ஏலகிரிப் பக்கம் சித்திரை, வைகாசியில் தெர்மல் பேயாக அடிக்குமாமே, மேலே இழுத்துக்கொண்டே போனால் சீக்கிரம் இறங்க பிக் இயர்ஸ், பி-ஸ்டால், ஸ்பைரல் மூன்றில் எது பாதுகாப்பு? விங் ஒரு பக்கம் மடங்கிவிட்டால் எந்தப் பிரேக்கை இழுக்க வேண்டும்?" இதுதான் அவர் கேள்வி. தெர்மல் என்பது வெயிலில் சூடாகி மேலே எழும் காற்று; பிக் இயர்ஸ் முதலிய மூன்றும் உயரத்தை வேகமாகக் குறைக்கும் உத்திகள்; பிரேக் என்பது விங்கின் பின்விளிம்பைக் கீழே இழுக்கும் கைப்பிடி.

கேள்வி 'எது' என்று இருக்கிறது. அவருக்குத் தேவைப்படுவதோ 'எப்போது, எத்தனை மீட்டர் கையில் இருக்கும்போது' என்பதற்கான பதில். இந்த மூன்று உத்திகளும் உயரத்தைச் செலவழித்துத்தான் வேலை செய்கின்றன. மடங்கிய விங்கும் உயரத்தைத் தின்றுதான் திறக்கிறது. அதனால் கையிருப்பு எவ்வளவு என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஏலகிரி மேலே ஊர் இருக்கும் மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குச் சற்று மேல். கீழே ஜோலார்பேட்டைப் பக்கச் சமவெளி ஏறக்குறைய 400. ஆக மலை விளிம்பிலிருந்து கிளம்பினால் சமவெளிக்கு மேல் 600 மீட்டர் சொச்சம் இருக்கிறது. ஆனால் கிளம்பிய முதல் நிமிடத்தில் உங்கள் காலுக்குக் கீழே இருப்பது சமவெளி இல்லை. சரிவும் பாறையும் முள்மரமும்தான். அங்கே உண்மையான கையிருப்பு 50 மீட்டரோ 100 மீட்டரோ. உயரமும் ஏற்ற இறக்கமும் காட்டும் வேரியோ கருவியில் 1,050 என்று எண் மின்னுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இனி இறங்கும் வேகங்கள். பிரேக்கை இழுக்காமல் சும்மா பறந்தால் விங் விநாடிக்கு 1 முதல் 1.2 மீட்டர் இறங்கும். பிக் இயர்ஸ் போட்டால் 2.5 முதல் 3.5. அதோடு ஸ்பீட் பாரையும் (முன்வேகத்தைக் கூட்டக் காலால் தள்ளும் கம்பி) மிதித்தால் 4 பக்கம் வரும். பி-ஸ்டால் 6 முதல் 9. ஸ்பைரல் 8-இல் தொடங்கி 20-ஐயும் தாண்டும். 600 மீட்டரை இயர்ஸில் கழிக்க மூன்றரை நிமிடம் ஆகும். 15 மீட்டர் ஸ்பைரலில் 40 விநாடி. கேட்க ஸ்பைரல்தான் லாபம் போலத் தோன்றும். ஆனால் இந்த எண்கள் எல்லாம் உங்களைச் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டவை. அந்தக் காற்றே விநாடிக்கு 5 மீட்டர் மேலே போய்க்கொண்டிருந்தால், இயர்ஸ் போட்டு 3 மீட்டர் 'இறங்கும்' ஆள் உண்மையில் 2 மீட்டர் ஏறிக்கொண்டிருக்கிறார். கிணற்றில் வாளியை மேலே இழுக்கும்போது வாளிக்குள் தவளை கீழே நீந்துவது மாதிரி. வாளியைவிட்டு வெளியே குதித்தால்தான் தவளைக்குக் கதி.

ஆகவே முதல் பதில், ஏறும் காற்றைவிட்டுப் பக்கவாட்டில் விலகுவது. இதற்கு உத்தி எதுவும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். ஆனால் நிறையப் பேர் மறந்துபோவது இதைத்தான். மொட்டைப் பாறைக் குன்றும் காய்ந்த பாலாற்று மணலும் வெயிலை வாங்கி மேலே தள்ளும். தண்ணீர் கிடக்கும் ஏரி, நெல் வயல், அடர்ந்த தோப்பு, மேக நிழல் விழுந்த இடம் இவற்றின் மேலே காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும், இல்லாவிட்டால் இறங்கும். பருந்து சுற்றும் இடத்தைவிட்டு எதிர்ப்பக்கம் போங்கள். மலையைவிட்டு வெளியே, சமவெளி நோக்கி, நேராக. இரண்டு கிலோமீட்டர் விலகினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அது போதாதபோது பிக் இயர்ஸ். உங்கள் அனுபவத்துக்கு இப்போது கையில் இருக்க வேண்டிய உத்தி இது ஒன்றுதான் என்பது என் கருத்து. செய்முறை: பிரேக் கைப்பிடியைக் கையைவிட்டு நழுவவிடாமல், ஏ ரைசரில் (விங்கின் முன்வரிசை லைன்கள், அதாவது கயிறுகள், வந்து சேரும் பட்டை) வெளிப்புறம் இருக்கும் லைனை மட்டும் உயரத்தில் பிடியுங்கள். பல விங்குகளில் இதற்கென்றே ஏ ரைசர் இரண்டாகப் பிரிந்திருக்கும். உள்ளங்கை வெளியே பார்க்க 20 முதல் 30 சென்டிமீட்டர் கீழே இழுத்தால் இறக்கை நுனி இரண்டும் உள்ளே மடங்கும். மடிந்த நுனி படபடவென்று அடித்துக்கொண்டால் இழுத்தது போதவில்லை, இன்னும் கொஞ்சம் இழுங்கள். தவறிப்போய் நடு ஏ லைனையும் சேர்த்துப் பிடித்தால் முன்விளிம்பே மொத்தமாக மடங்கும். அதனால் தரையில் விங்கை விரித்துவைத்து, எந்த லைன் எங்கே போகிறது என்று கண்ணால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மேலே செய்ய வேண்டும். இயர்ஸில் இருக்கும்போது பிரேக் உங்களுக்கு இல்லை. திருப்புவது இடுப்பால்: எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் எடையைச் சாய்ப்பது.

இயர்ஸ் போட்டதும் இறக்கையின் பரப்பு குறைகிறது, இழுவை கூடுகிறது, காற்று மோதும் கோணம் ஏறுகிறது. அதாவது விங் ஸ்டாலுக்கு (காற்றோட்டம் அறுந்து இறக்கை பறப்பதை நிறுத்தும் நிலை) கொஞ்சம் கிட்டே வருகிறது. அதனால்தான் இயர்ஸோடு ஸ்பீட் பாரைப் பாதி மிதிக்கச் சொல்கிறார்கள். கோணம் மறுபடி இறங்கும், முன்வேகமும் கிடைக்கும், ஏறும் காற்றைவிட்டு வெளியேறவும் முடியும். வரிசை முக்கியம்: முதலில் இயர்ஸ், பிறகு பார். பாரை மிதித்த நிலையில் ஏ லைனை இழுப்பது முன்விளிம்பை நாமே மடக்கிவிடுவதற்குச் சமம். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. வெளியே வரும் வரிசையில்தான் இரு கட்சி: பாரை முதலில் விடு என்பவர்கள் உண்டு, ஸ்டால் பயத்தால் இயர்ஸ் திறக்கும்வரை பாரை வைத்திரு என்பவர்களும் உண்டு. உங்கள் விங் கையேடு என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள். நுனி தானாகத் திறக்காவிட்டால் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று மெல்லப் பிரேக் அடித்துத் திறக்கலாம்; இரண்டையும் ஒன்றாக ஆழமாக இழுக்கக் கூடாது. இயர்ஸோடு ஸ்பைரல் போவதும் வேண்டாம்; மடங்கிய நுனியின் பாரமும் நடு லைன்கள் மேல் ஏறிவிடும். இயர்ஸோடு தரை தொடுவது முடியாத காரியம் இல்லை என்றாலும், தரைக்கு மேல் 50 மீட்டரில் விட்டுவிட்டு முழு இறக்கையோடு வந்து ஃப்ளேர் (தரை தொடும்போது இரண்டு பிரேக்கையும் இழுத்து வேகத்தைக் குறைப்பது) செய்வதே உங்களுக்கு நல்லது.

பி-ஸ்டாலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இரண்டு பி ரைசரையும் (இரண்டாம் வரிசை லைன்களின் பட்டை) உச்சியில், லைன் கோத்திருக்கும் மெயிலான் வளையத்தின் பக்கத்தில் பிடித்து, ஒரே சீராக 15–20 சென்டிமீட்டர் இழுத்தால் இறக்கையின் மேல் காற்றோட்டம் அறுந்து, விங் முன்வேகம் இழந்து செங்குத்தாக இறங்கும். விடும்போது இரண்டு கையையும் ஒன்றாக, தயங்காமல் மேலே விட வேண்டும். ஆற அமர விட்டால், அல்லது விங் பழசாக இருந்தால், திறந்த மாதிரி தெரிந்தும் பறக்காமல் டீப் ஸ்டாலில் மாட்டும். அளவுக்கு மீறி இழுத்தால் இரண்டு நுனியும் முன்னே வந்து விங் பூப்போலக் குவிந்துவிடும். இரண்டே வரிசை லைன் உள்ள விங்கில் இதைச் செய்யவே வழியில்லை. செகண்ட் ஹேண்ட் விங் வைத்திருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித்தர மாட்டேன்.

ஸ்பைரல்தான் வீடியோவில் எல்லோரையும் மயக்குவது. உள்பக்கம் எடை சாய்த்து, உள்பக்கப் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே போனால் இரண்டு சுற்றுக்குள் விங் மூக்கைத் தரைக்குக் குத்திக்கொண்டு சுழலும். அங்கிருந்து வேகம் ஏறுவது படிப்படியாக இல்லை; ஒரு கட்டத்தில் சட்டென்று மாட்டிக்கொள்வது போல் இருக்கும். உடம்பின் மேல் 3 ஜி ஏறினால் 80 கிலோ ஆள் 240 கிலோ. ரிசர்வ் (அவசரப் பாராசூட்) கைப்பிடிக்குக் கையைக் கொண்டுபோவதே பாடாகிவிடும். ரத்தம் தலையைவிட்டு இறங்கிக் கண் மங்கும், நிறம் மறையும், பிறகு நினைவு. காலை 10 மணியிலிருந்து ஹெல்மெட்டும் ஜாக்கெட்டுமாக வெயிலில் காற்றுக்குக் காத்து நின்று தண்ணீர் வற்றிய உடம்புக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து, சில விங்கும் சில ஹார்னஸும் (பைலட் உட்காரும் பட்டை இருக்கை) சேர்ந்தால் பிரேக்கை முழுக்க விட்ட பிறகும் ஸ்பைரல் தானாக நிற்காமல் சுழன்றுகொண்டே இருப்பது. 'விட்டுவிட்டேனே, நின்றுவிடும்' என்று காத்திருப்பவருக்கு விநாடிக்கு 15 மீட்டர் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 50 மீட்டர். எடையை நடுவுக்கு, அதுவும் போதாவிட்டால் வெளிப்பக்கம் கொண்டுவந்து, வெளிப்பக்கப் பிரேக்கை உறுதியாகக் கொடுத்தால் சுழற்சி தளரும். அப்படியும் தளராவிட்டால் ரிசர்வ்தான். தளரும்போது அவசரப்படவும் கூடாது. அவ்வளவு வேகத்தை ஒரே வீச்சில் விட்டால் விங் மேலே எகிறும், ஆள் ஊஞ்சலாடுவார், தானே கிளப்பிய சுழல்காற்றுக்குள் போய் மோதி இறக்கை மடங்கும். இரண்டு மூன்று சுற்றில் கரைக்க வேண்டும். அப்படிக் கரைக்கவே 100 முதல் 150 மீட்டர் ஆகும். 200 மீட்டரில் எல்லாம் முடிந்து நேராகப் பறந்துகொண்டிருக்க வேண்டுமென்றால், 600 மீட்டர் வானத்தில் ஸ்பைரலுக்கென்று மிஞ்சுவது 250 மீட்டர், அதாவது 17 விநாடி. ஏலகிரியில் இதற்கு மெனக்கெடுவது எதற்கு என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம். இன்னொன்று: ஸ்பைரலில் முன்னே போவது கிடையாது, காற்றோடு அடித்துப் போவதுதான். 25 கிலோமீட்டர் காற்றில் 40 விநாடி சுற்றினால் 280 மீட்டர் பின்னால் தள்ளப்பட்டிருப்பீர்கள். மலை விளிம்பில் அந்த 280 மீட்டர் உங்களைக் காற்று மறைவான பின்பக்கத்தில், சுழிக்காற்றுக்குள் கொண்டுபோய்ப் போடும்.

இந்த மூன்றும் தேவைப்படாத நாளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். தரையில் வெப்பம் 38 டிகிரி, பனிநிலை (காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) 20 என்றால், வித்தியாசம் 18-ஐ 125-ஆல் பெருக்குங்கள்: மேகத்தின் அடிமட்டம் தரையிலிருந்து சுமார் 2,250 மீட்டர். தெர்மல் அதுவரை போகும் என்று பொருள். மேகம் அகலத்தைவிட உயரமாக வளர்ந்தால், அடிவயிறு கறுத்தால், திரும்பாமல் நேராகப் பறந்தும் வேரியோ விடாமல் கூவினால், மேகம் உறிஞ்சத் தொடங்கிவிட்டது. அப்போதே மேகத்தின் விளிம்பு நோக்கிப் போக வேண்டும், அடிமட்டம் வரை காத்திருக்கக் கூடாது. கோடை மாலையில் இடிமேகம் திரண்டால் மழை உங்கள் தலைக்கு வருவதற்கு முன்னாலேயே அதன் குளிர்ந்த காற்று பல கிலோமீட்டர் தூரம் தரையோடு ஓடிவரும். புழுதி எழும்பி வருவது தெரியும்போது மேலே இருப்பவருக்கு நேரம் கடந்துவிட்டது. 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் பாராகிளைடர் வீராங்கனை ஏவா விஷ்னியெர்ஸ்காவை இடிமேகம் ஒன்று 9,900 மீட்டருக்கு மேல் தூக்கிப் போனது. நினைவிழந்து, பனி படர்ந்து, எப்படியோ உயிரோடு இறங்கினார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் இறந்துபோனார். உலகத் தரத்தில் போட்டியிட்டவர்கள் இருவரும். மேகத்துக்குள் போன பிறகு உத்தி கிடையாது. ஆடியில் நிலைமை வேறு; ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைப் பாராகிளைடர்காரர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். முன்வேகம் 37 கிலோமீட்டர் உள்ள விங்கை வைத்துக்கொண்டு 30 கிலோமீட்டர் காற்றில் கிளம்புவது திரும்பி வர மனமில்லாதவர் வேலை.

வெயிலைப் பற்றி ஒரு சின்னக் கணக்கும் உண்டு. 1,000 மீட்டர் உயரத்தில் 35 டிகிரி வெப்பம் என்றால் காற்றின் அடர்த்தி, சாதாரண நாளில் 1,900 மீட்டர் உயரத்தில் இருப்பது போலாகிவிடுகிறது. கடல் மட்டத்துக்கு எழுதிய வேகங்கள் எல்லாம் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். கிளம்பும் ஓட்டம் நீளும், சரிவை ஒட்டித் தரையிறங்கினால் தரை வரும் வேகம் கூடும், ரிசர்வ் இறங்கும் வேகமும் கூடும். குளிர்காலத்துக் காலைப் பொழுதில் பழகிய கைக்கு மே மாத மதியம் வேறு விங் மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது மடங்குதல். பாராகிளைடர் இறக்கைக்கு விறைப்பான சட்டகம் கிடையாது. முன்வாய் வழியாகப் புகும் காற்றின் அழுத்தமும், காற்று கீழிருந்து மோதும் கோணமும்தான் துணியை இறக்கையாக வைத்திருக்கின்றன. இறங்கும் காற்றுக்குள் ஒரு பக்கம் நுழைந்தால் அந்தக் கோணம் பூஜ்யத்துக்குக் கீழே போகும், முன்விளிம்பு கீழே மடங்கும், அந்தப் பக்க லைன்கள் தொய்யும். இது திடீரென்று நடப்பதாகத் தோன்றினாலும் கைக்கு அரை விநாடி முன்னால் சேதி வந்துவிடும்: அந்தப் பக்கப் பிரேக் லேசாகிவிடும். பட்டம் விட்டவர்களுக்குத் தெரியும், நூல் தொய்ந்தால் உடனே சுண்டி இழுப்போமே, அதே அனிச்சைதான். எப்போதும் இரண்டு பிரேக்கிலும் கையின் எடை அளவுக்கு அழுத்தம் வைத்திருங்கள், லேசானால் அழுத்தம் திரும்பும்வரை இழுங்கள், கனத்தால் விடுங்கள். நல்ல பைலட்டின் விங் மடங்காமல் இருப்பதற்குப் பெரும்பங்கு காரணம் இதுதான், விங்கின் விலை இல்லை.

ஒரு பக்கம் மடங்கியே விட்டது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கேட்ட 'எந்தப் பிரேக்' என்பதற்குப் பதில்: முதலில் திறந்திருக்கும் பக்கம், அதுவும் கொஞ்சம். மடங்கிய பக்கம் இழுவை கூடியதால் விங் அந்தப் பக்கம் திரும்பும், உங்கள் உடம்பும் அந்தப் பக்கம் சரியும். உடனே திறந்த பக்கம் எடையைச் சாய்த்து, அந்தப் பக்கப் பிரேக்கை நேராகப் போகும் அளவுக்கு மட்டும் கொடுங்கள். திசைதான் முதல் வேலை, திறப்பது இரண்டாவது. ஏலகிரி மாதிரி மலையை ஒட்டிப் பறக்கும்போது இதன் பொருள் உடனே விளங்கும்: மலைப் பக்கத்து இறக்கை மடங்கினால் விங் உங்களை மலைக்குள் திருப்பும். திசையை விட்டுவிட்டு மடங்கியதைத் திறக்கப் போனால், திறக்கும்போது எதிரே பாறை. சமவெளிக்கு மேல் இடமிருந்தால் கால்வட்டம் திரும்பட்டும் என்று விட்டுக்கொடுக்கலாம். திசை கைக்கு வந்த பிறகு, மடங்கிய பக்கப் பிரேக்கை நீளமாக, உறுதியாக ஒரு இழு, முழுக்க விடு, தேவைப்பட்டால் மறுபடி. படபடவென்று சின்னச் சின்னதாக அடிப்பதால் பயனில்லை.

மடங்குவதைவிட அதிகம் பேரை அடித்துப்போட்டது அதற்குப் பிறகு பயத்தில் செய்யும் வேலை: திறந்த பக்கப் பிரேக்கை அடி ஆழத்துக்கு இழுப்பது. பாதி இறக்கைதான் பறக்கிறது. அந்தப் பாதி வழக்கத்தைவிடச் சீக்கிரமே ஸ்டால் ஆகும். அப்போது பிரச்சினை இரட்டிப்பாகி விங் பின்னோக்கிச் சுழலும். இ.என். 926 சோதனையில் பாதி வரையும் முக்கால் வரையும் மடக்கிப் பார்த்து ஏ, பி, சி, டி என்று தரம் போடுகிறார்கள். அந்தச் சோதனை அமைதியான காற்றில், தேர்ந்த பைலட் கையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது நடப்பது. மதிய வெயில் தெர்மலில், கை பதறும் ஆளோடு விங் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அந்த எழுத்து உத்தரவாதம் இல்லை. ஒரு பி விங் ஒழுங்காக இருந்தால் கையை மேலே விட்டாலே பெரும்பாலும் தானே திறந்துகொள்ளும் என்பது மட்டும் உறுதி.

முன்விளிம்பு முழுக்க மடங்கினால் கையை மேலே விடுங்கள், ஸ்பீட் பாரில் கால் இருந்தால் அந்த நொடியே எடுங்கள். விங் பின்னால் போய் மறுபடி முன்னால் பாய்ந்து வரும். அந்தப் பாய்ச்சலைப் பிரேக்கால் ஒருமுறை பிடித்து உடனே விட வேண்டும். பின்னால் இருக்கும்போது இழுத்தால் ஸ்டால். மடங்கிய நுனி லைன்களுக்கிடையே சிக்கிக்கொள்வது கிராவட். அதற்குத் திசையைப் பிடித்துக்கொண்டு, இறக்கை நுனிக்குப் போகும், பெரும்பாலும் தனி நிறத்தில் இருக்கும் ஸ்டாபிலோ லைனை அந்தப் பக்கம் நீளமாக இழுத்துப் பார்க்கலாம். சிக்கியது பெரிதாக இருந்து சுழற்சி வேகம் பிடித்துவிட்டால் லைனைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், ரிசர்வ். டீப் ஸ்டாலின் அடையாளம் அமைதி: முகத்தில் காற்று இல்லை, லைன்களின் சீழ்க்கை நின்றுபோகும், விங் மட்டும் தலைக்கு மேல் ஒழுங்காகத் தெரியும், ஆனால் கீழே போய்க்கொண்டிருப்பீர்கள். அப்போது பிரேக் தொடவே கூடாது. கையை மேலே விட்டு, ஏ ரைசரை முன்னால் தள்ளுங்கள் அல்லது பாரை மிதியுங்கள்.

ரிசர்வ் எப்போது? கட்டுப்பாடு போய், கீழே 100 மீட்டர்தான் இருக்கிறது என்றால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கைப்பிடியைக் கண்ணால் பாருங்கள், பிடியுங்கள், பையிலிருந்து உருவுங்கள், வெட்டவெளி இருக்கும் பக்கம் பலமாக வீசுங்கள். விட்டுவிட்டால் மட்டும் போதாது, எறிய வேண்டும். திறக்க 2–3 விநாடி, ஏறக்குறைய 50 மீட்டர். திறந்ததும் பிரேக்கையோ பின் ரைசரையோ சுருட்டி இழுத்து விங்கைச் செயலிழக்கச் செய்யுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு கீழே வேகமாகக் கொண்டுபோகும். தரநிலைப்படி ரிசர்வ் விநாடிக்கு 5.5 மீட்டருக்குள் இறக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் சுவரிலிருந்து குதிப்பதற்குச் சமம். காலைச் சேர்த்து, முழங்காலைச் சற்று மடக்கி, விழுந்ததும் உருளுங்கள். காலை நீட்டி நிற்கப் பார்த்தால் முதுகெலும்பு வாங்கிக்கொள்ளும்.

வாங்கிய விங்கைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையில் கடந்துபோனீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. பழகப் பழக, பாரம் தாங்கும் ஏ, பி லைன்கள் நீளும். பாரம் குறைந்த பின்வரிசை லைன்கள் சுருங்கும். இரண்டும் சேர்ந்தால் விங் எப்போதும் கொஞ்சம் பிரேக் பிடித்த நிலையிலேயே பறக்கும், டீப் ஸ்டாலுக்கு அருகில். துணி காற்றைக் கசியவிட்டால் இன்னும் மோசம். வெயிலில் நிற்கும் கார் டிக்கிச் சூடு துணிக்கும் ஆகாது, டைனீமா லைனுக்கும் ஆகாது. லைன் நீளமும் துணியின் கசிவும் அளந்த சோதனைச் சீட்டு இல்லாமல் அதில் பறக்காதீர்கள். பெரும்பாலான கையேடுகள் இரண்டு ஆண்டு அல்லது 100 மணி நேரத்துக்கு ஒருமுறை இதைக் கேட்கின்றன. உங்கள் எடை, ஹார்னஸ், பை எல்லாம் சேர்த்து விங்கில் அச்சிட்ட எடை வரம்புக்குள், நடுவுக்கு மேலே வருகிறதா என்றும் நிறுத்துப் பாருங்கள்.

நான் எழுதியதில் திசை பிடிப்பது, பார் வரிசை, டீப் ஸ்டாலில் கை மேலே, ரிசர்வ் எறிவது இவை எந்த விங்குக்கும் பொருந்தும். இழுக்கும் சென்டிமீட்டர், இறங்கும் வேகம், ஸ்பைரலில் இருந்து தானே வெளிவருமா என்பது உங்கள் விங்கும் ஹார்னஸும் முடிவு செய்வது. கையில் பிரேக் லேசாகும் அந்த அரை விநாடியை எழுத்தால் கற்றுத்தர முடியாது. அதற்குத்தான் எஸ்.ஐ.வி. என்னும் ஆபத்துச் சமாளிப்புப் பயிற்சி: கீழே தண்ணீர், லைஃப் ஜாக்கெட், கரையில் படகு, காதில் ரேடியோவில் பயிற்சியாளர். மடக்குவதையும் ஸ்பைரலையும் அங்கே பழகுங்கள், ஏலகிரிச் சரிவின் மேல் வேண்டாம். அதுவரை காலை 9 மணிக்கு முன்னும் மாலை 4-க்குப் பின்னும் மட்டும் பறந்து, மல்லாட்டை பிடுங்கிய கொல்லையாகப் பார்த்து இறங்கி வாருங்கள். தென்னந்தோப்பும் மின்கம்பியும் எங்கெங்கே என்று முந்தின நாளே பைக்கில் போய்ப் பார்த்து வைத்திருங்கள்.

இந்த வாரம் செய்ய ஒரு வேலை. ஹார்னஸை ஒரு உறுதியான வேப்பங்கிளையில் இரண்டு கொக்கியாலும் தொங்கவிட்டு, ஹெல்மெட், கையுறையோடு உள்ளே உட்காருங்கள். யாரையாவது உங்களைச் சுற்றிவிடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ரிசர்வ் கைப்பிடியைத் தேடுங்கள். பத்து முறை தேடி பத்து முறையும் முதல் தொடலிலேயே சிக்க வேண்டும். கடைசி முறை உருவி எறிந்தே பாருங்கள். ஊசி சுலபமாகக் கழன்றதா, பை தாண்டி விழுந்ததா, மடிப்புக்குள் ஈரவாடை வருகிறதா என்று கவனியுங்கள். கடைசியாக மடித்த தேதி ரிசர்வோடு உள்ள சீட்டில் எழுதியிருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், உங்கள் ரிசர்வ் மாடலை மடிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, அவர் மடிப்பதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள்.